சுவர் உள்ளேதான் இருக்கிறது

ஐயா, வணக்கம்.

போன மாதம் கணவருடன் ரோம் போய் வந்தேன். புனித பேதுரு பேராலயத்தைப் பார்த்து வாயடைத்துப்போனேன். மறுநாள் லாத்தரன் பேராலயம். ரோம் மறைமாவட்டத்தின் கதீட்ரல் அதுதான், நாலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டியது என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். உள்ளே பழமை என்று ஒன்றுமே கண்ணில் படவில்லை. வெள்ளைச் சுதை, ராட்சதச் சிலைகள், எல்லாம் ஜோடனை. பதினேழாம் நூற்றாண்டில் போரோமினி என்ற கட்டடக்கலைஞர் புதுப்பித்தாராம். புதுப்பித்தாரா, அழித்தாரா? சிசிலித் தீவின் சிராகூசா கதீட்ரலில் பரோக் என்கிற அலங்காரப் பாணிப் பூச்சை உரித்து உள்ளே இருந்த கிரேக்கக் கோயிலை வெளியே கொண்டுவந்தார்களாமே, இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன? போரோமினிக்கும் அவர் காலத்துக் கலைஞர் பெர்னினிக்கும் இருந்த பகை பற்றியும் எழுதுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பகை பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இருவர் சண்டையைச் சொல்லியே அவர்கள் கட்டியதைப் பார்க்காமல் விடுவது நமக்குப் பழகிவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. பேதுரு பேராலயத்தைப் பார்த்து வாயடைத்துப்போன நீங்கள், அங்கேயும் கான்ஸ்டன்டைன் காலத்துக் கோயில் ஒன்று இருந்ததே, அது எங்கே போனது என்று ஏன் கேட்கவில்லை? 1506-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் புதுக் கோயில் வேலையைத் தொடங்கிவைத்தார். பழையதை நூறு ஆண்டுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இடித்தார்கள். 1626-இல் புதுக் கோயிலை அர்ச்சித்தபோது பழையதில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. இடித்த இடத்தில் கைகூப்பிவிட்டு, இடிக்காமல் விட்ட இடத்துக்கு வந்து 'அழித்தாரா' என்று கேட்கிறீர்கள். இது நியாயமில்லை.

லாத்தரனில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பதினான்காம் நூற்றாண்டில் இரண்டு முறை எரிந்த கோயில் அது. முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்துத்தான் நின்றுகொண்டிருந்தது. கத்தோலிக்கர்களின் புனித ஆண்டான 1650 ஜூபிலி ஆண்டு நெருங்குகிறது, யாத்திரிகர்கள் வந்து குவிவார்கள். 1646-இல் போப் பத்தாம் இன்னசென்ட் போரோமினியிடம் வேலையை ஒப்படைக்கிறார், ஒரு நிபந்தனையோடு: பழைய கோயிலை இடிக்கக்கூடாது. இருப்பது மூன்றரை வருடம். போரோமினி என்ன செய்தார்? நடுக்கூடத்தின் தூண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒவ்வொரு ஜோடியையும் ஒரு பெரிய சதுரத்தூணுக்குள் பொதிந்தார். இடையில் வளைவுகளைத் திறந்தார். மேலே கான்ஸ்டன்டைன் காலத்துச் சுவர் அப்படியே நின்றது, இப்போதும் நிற்கிறது. நீங்கள் அண்ணாந்து பார்த்த அந்த வெள்ளைக்குப் பின்னால்தான் இருக்கிறது, நீங்கள் தேடிப் போன சுவர்.

இன்னொன்று. மேல்சுவரில் வரிசையாக நீள்வட்டச் சட்டங்கள் இருக்கின்றன, உள்ளே தீர்க்கதரிசிகளின் ஓவியங்கள். அந்த ஓவியங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் வைத்தவை. போரோமினி அந்தச் சட்டங்களுக்குள் எதையும் வைக்கவில்லை. சுதையால் பூவும் இலையுமாகச் சட்டம் செய்து, நடுவில் பழைய செங்கல் சுவரைப் பூசாமல் விட்டார், புனிதரின் எலும்பைப் பேழைக்குள் வைத்துக் காட்டுவதுபோல. பழமையை மதித்தல் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? நீங்கள் 'ஜோடனை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள்.

ராட்சதச் சிலைகளும் அவர் வைத்தவை அல்ல. அவர் 1667-இல் இறந்துவிட்டார். அப்போஸ்தலர்களின் அந்தச் சிலைகள் சதுரத்தூண்களில் உள்ள பன்னிரண்டு மாடங்களுக்கு வந்தது 1700-க்குப் பிறகு, ரஸ்கோனி முதலான சிற்பிகளின் கையால். அரை நூற்றாண்டு மாடங்கள் வெறுமையாகவே இருந்தன. ஒவ்வொரு மாடத்தின் இருபுறமும் நிற்கும் பச்சைக்கல் தூண்களைக் கவனித்தீர்களா? மொத்தம் இருபத்துநான்கு. எல்லாம் பழைய கோயிலின் பக்கக்கூடங்களில் நின்றவை. 'பழமை கண்ணில் படவில்லை' என்று எழுதிய உங்கள் கண்ணுக்கு நேரே நின்றிருக்கின்றன. நீங்கள் நடந்த தரை பதினைந்தாம் நூற்றாண்டு, தலைக்கு மேல் மரக்கூரை பதினாறாம் நூற்றாண்டு. கூரையை எடுத்துவிட்டு வளைகூரை போடத்தான் போரோமினிக்கு ஆசை, நடக்கவில்லை.

அவர் நல்ல மனிதர் என்று வாதாட வரவில்லை. 1649-இல் அந்த வேலைத்தளத்திலேயே, கற்களைச் சேதப்படுத்தினான் என்று ஒருவனைப் பிடித்து அடித்ததில் அவன் செத்துப்போனான். அதில் போரோமினிக்குப் பங்கு இருந்தது, போப் மன்னித்துவிட்டார். எனக்கு அதை மன்னிக்க வரவில்லை. அந்தக் கூடத்தில் நிற்கும்போதெல்லாம் அதுவும் நினைவுக்கு வரும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் நான்கு தேக்குத் தூண்கள் இருந்தன. அதில் ஒன்றில் அத்தை பொங்கலுக்குப் பொங்கல் எங்களை நிறுத்திவைத்து உயரத்துக்குக் கோடு கீறுவாள். எனக்கு ஒன்பது வயதில் அடிப்பக்கம் கறையான் அரித்து ஓடு இறங்க ஆரம்பித்தது. கொத்தனார் தூணை எடுக்கவில்லை, சுற்றிச் செங்கல் கட்டிப் பூசிவிட்டார். என் கோடெல்லாம் போச்சே என்று நான் அழுத அழுகையில் அத்தை என் கையைப் பிடித்துப் பூச்சின்மேல் வைத்து, "எங்கடா போச்சு, உள்ளதானே இருக்கு" என்றாள். அதற்கப்புறம் அவள் சாகும்வரை அந்தத் தூணைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாள். வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்த அன்று நான் ஊரில் இல்லை. கோடுகள் இருந்தனவா என்று கேட்க ஆளில்லை.

சரி, சிராகூசா. அங்கே பூச்சுக்குப் பின்னால் இருந்தவை கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் டோரிக் என்ற கிரேக்கப் பாணித் தூண்கள், தனியாக நிற்கக்கூடிய கல். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளே உரித்தவர்கள்கூட ஆந்த்ரேயா பால்மாவின் பரோக் முகப்பைத் தொடவில்லை. 1693 பூகம்பத்துக்குப் பிறகு எழுந்தது அந்த முகப்பு. அதுவும் அந்த ஊரின் வரலாறுதான். லாத்தரனில் உரித்தால் கிடைப்பது தீயில் வெந்த தூண்களும் முட்டுச்செங்கலும். அவற்றைத் தாங்கி நிற்பதே போரோமினியின் உறைதான், அம்மா. உறையை எடுத்தால் கோயில் போய்விடும்.

நீங்கள் எடுத்த படங்களில் அந்த நீள்வட்டச் சட்டம் ஏதாவது ஒன்றில் விழுந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். சுதைப்பூ தெரிகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.