ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் முறை: ஐயங்களும் விளக்கங்களும்

ஆங்கில வினா வாக்கியங்கள் குறித்து உறுப்பினர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகள் ஒலிக்கும் விதத்திலேயே தமிழ் எழுத்தில் உள்ளன. அவற்றை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

கேள்வி: ஐயா, "ஒய் யூ ஆர் லேட்?", "வேர் யூ ஆர் கோயிங்?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியத்தான் செய்கிறது. அப்படியிருந்தும் தவறு என்று திருத்துகிறார்கள். எது தவறு?

பதில்: சொற்கள் சரி, வரிசைதான் தவறு. தமிழில் வினாப்பொருளைத் தருவது எழுத்து. எ, யா, ஆ, ஓ, ஏ ஆகிய ஐந்தையும் வினா எழுத்துகள் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. 'வந்தான்' என்பதன் இறுதியில் ஆகாரம் சேர்ந்து 'வந்தானா' ஆனதுமே வினா பிறந்துவிடுகிறது. வாக்கியத்தின் மற்ற சொற்கள் எதுவும் இடம் மாற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் வினா எழுத்து கிடையாது. காலம் காட்டும் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே வருவதுதான் அங்கே வினாவின் அடையாளம். "யூ ஆர் லேட்" என்பது செய்தி, "ஆர் யூ லேட்?" என்பது வினா. அதன் தலைப்பில் 'ஒய்' சேர்ந்தால் "ஒய் ஆர் யூ லேட்?" ஆகும். தமிழில் 'ஏன்' என்ற சொல் வந்துவிட்டாலே போதும் என்ற பழக்கத்தில், 'ஒய்' வந்துவிட்டதே, இன்னும் எதை மாற்றுவது என்று நினைத்து நாம் இடமாற்றத்தை விட்டுவிடுகிறோம்.

துணைவினைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் முதலாவது மட்டுமே நகரும். "ஷி ஹேஸ் பீன் வெயிட்டிங்" என்பதிலிருந்து "ஹேஸ் ஷி பீன் வெயிட்டிங்?" பிறக்கும், 'பீன்' இருந்த இடத்திலேயே இருக்கும்.

கேள்வி: சாதாரண வாக்கியத்தில் இல்லாத 'டூ', 'டஸ்', 'டிட்' கேள்வியில் மட்டும் எங்கிருந்து வருகின்றன? "டிட் யூ வென்ட்?" ஏன் தவறு?

பதில்: "ஷி வென்ட் ஹோம்" என்ற வாக்கியத்தில் துணைவினையே இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் முதன்மை வினை எழுவாயைத் தாண்டி முன்னே செல்லாது. ஆகவே அதன் சார்பில் நகர்வதற்கு 'டூ' வரவழைக்கப்படுகிறது. முன்பு நிலைமை வேறு. 1611இல் வெளியான ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் "வாட் திங்க் யீ?" என்று முதன்மை வினையே முன்னால் நிற்பதைக் காணலாம், இன்று அதையே "வாட் டூ யூ திங்க்?" என்றுதான் கேட்க முடியும். 16ஆம் நூற்றாண்டில் இரண்டு வழக்குகளும் அருகருகே இருந்தன, பிறகு 'டூ' சேர்ந்த வழக்கே நிலைத்தது.

இரண்டாவது ஐயத்திற்கு விடை இதிலேயே இருக்கிறது. காலத்தைக் காட்டும் பொறுப்பை 'டிட்' எடுத்துக்கொண்ட பிறகு, முதன்மை வினை அதை மீண்டும் காட்டக் கூடாது. என் மாணவர்களிடம் இடையில் ஒரு படியை எழுதச் சொல்வேன். "ஷி வென்ட் ஹோம்" என்பதை முதலில் "ஷி டிட் கோ ஹோம்" என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'வென்ட்' என்ற சொல்லுக்குள் இருந்த இறந்தகாலம் 'டிட்' ஆக வெளியே வந்துவிட்டது, 'கோ' வெறும் வேர்ச்சொல்லாக நிற்கிறது. இப்போது 'டிட்' என்பதை மட்டும் முன்னே நகர்த்தினால் "டிட் ஷி கோ ஹோம்?" கிடைக்கும். "ஹி ஒர்க்ஸ் ஹியர்" என்பதும் இவ்வாறே "ஹி டஸ் ஒர்க் ஹியர்" என்று பிரிந்து "டஸ் ஹி ஒர்க் ஹியர்?" ஆகிறது, 'ஒர்க்ஸ்' என்பதன் கடைசி ஒலி 'டஸ்' என்பதற்குப் போய்விட்டதைக் கவனியுங்கள். ஒரு வாரம் இந்த இடைப்படியைத் தாளில் எழுதிப் பழகியவர்கள் "டிட் யூ வென்ட்?" என்று சொல்வது அரிது.

'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' ஆகியவை தாமே நகரக்கூடியவை என்பதால் அவற்றுக்கு 'டூ' தேவையில்லை. "டூ யூ ஆர் ரெடி?" என்பது எந்த வழக்கிலும் இல்லை.

கேள்வி: 'ஹேவ்' எந்தப் பக்கம்? "ஹேவ் யூ எ பென்?" என்று பழைய புத்தகத்தில் படித்தேன்.

பதில்: பொருள் ஒன்றை உடைமையாகக் குறிக்கும்போது இன்று "டூ யூ ஹேவ் எ பென்?" என்பதே பொதுவழக்கு. பிரிட்டிஷ் பேச்சில் "ஹேவ் யூ காட் எ பென்?" என்பதும் மிகுதி. நீங்கள் படித்தது தவறில்லை, பழையது. "ஹேவ் யூ ஈட்டன்?" என்பதில் 'ஹேவ்' துணைவினை என்பதால் அதுவே நகரும். கட்டாயத்தைக் குறிக்கும் 'ஹேவ் டு' என்பதற்கு 'டூ' வேண்டும்: "டூ ஐ ஹேவ் டு சைன்?"

கேள்வி: "ஹூ டிட் ப்ரேக் த க்ளாஸ்?" என்று எழுதினேன். 'டிட்' வேண்டாம் என்று அடித்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன விதிப்படி 'டிட்' வர வேண்டாமா?

பதில்: துணைவினை எழுவாயைத் தாண்ட வேண்டும் என்பதுதான் விதி. இங்கே 'ஹூ' என்ற வினாச்சொல்லே எழுவாய். அது ஏற்கெனவே முதலில் நிற்பதால் தாண்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே "ஹூ ப்ரோக் த க்ளாஸ்?" என்பதே இயல்பான வடிவம். நீங்கள் எழுதியதை, 'அப்படியானால் உண்மையில் உடைத்தவர்தான் யார்?' என்று அழுத்திக் கேட்கும்போது மட்டும் சொல்வார்கள்.

இந்த வேறுபாட்டைத் தமிழர்கள் எளிதில் பிடித்துக்கொள்ள முடியும், ஏனென்றால் நம்மிடம் வேற்றுமை உருபு இருக்கிறது. "ஹூ கால்ட் யூ?" என்றால் 'உன்னை யார் அழைத்தார்?' "ஹூ டிட் யூ கால்?" என்றால் 'நீ யாரை அழைத்தாய்?' தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும்போது 'யார்' வந்தால் 'டிட்' வேண்டாம், 'யாரை' வந்தால் வேண்டும். "வாட் ஹேப்பண்ட்?", "ஹவ் மெனி பீப்பிள் கேம்?" ஆகியவற்றிலும் வினாப்பகுதியே எழுவாய் என்பதால் 'டிட்' இல்லை. 'யாரை' என்ற பொருளுக்கு 'ஹூம்' என்ற வடிவம் உண்டு. முறையான எழுத்தில் அதைக் காணலாம், பேச்சில் 'ஹூ' போதும்.

கேள்வி: நேர்காணலில் "கேன் யூ டெல் மீ வேர் இஸ் த எச்.ஆர். ரூம்?" என்று பணிவாகத்தான் கேட்டேன். நண்பர் திருத்தினார். "மே ஐ நோ வாட் இஸ் யுவர் நேம்?" என்பதும் தவறா? (இதே ஐயத்தை வேறு சிலரும் அனுப்பியிருக்கிறார்கள்.)

பதில்: பணிவில் குறை இல்லை, ஆனால் இடமாற்றம் இரண்டு முறை நிகழ்ந்துவிட்டது. நன்றாகப் படித்தவர்களிடமும் நான் அதிகம் காண்பது இந்தப் பிழையைத்தான்.

"கேன் யூ டெல் மீ" என்ற பகுதியில் 'கேன்' முன்னே வந்துவிட்டது. கேள்விக்கான நகர்வு அத்துடன் முடிந்தது. அதற்குப் பின்னால் வருவது உள்ளே அடங்கிய துணைவாக்கியம். அது செய்தி வாக்கியத்தின் வரிசையில்தான் இருக்க வேண்டும். "கேன் யூ டெல் மீ வேர் த எச்.ஆர். ரூம் இஸ்?" என்று 'இஸ்' கடைசிக்குப் போகும். "மே ஐ நோ வாட் யுவர் நேம் இஸ்?" என்பதும் அப்படியே, அதைவிட "மே ஐ ஹேவ் யுவர் நேம்?" என்பது சுருக்கமாகவும் இயல்பாகவும் இருக்கும் என்பது என் கருத்து. முன்பகுதி கேள்வியாகவே இல்லாவிட்டாலும் விதி மாறாது: "ஐ டோன்ட் நோ வாட் இஸ் திஸ்" என்று பலர் சொல்வதை "ஐ டோன்ட் நோ வாட் திஸ் இஸ்" என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பது 'டூ' வகைக் கேள்வியாக இருந்தால் அந்த 'டூ' மறைந்து, காலம் மீண்டும் முதன்மை வினைக்குத் திரும்பும். "வென் டிட் ஷி லீவ்?" என்பது "டூ யூ நோ வென் ஷி லெஃப்ட்?" ஆகும். ஆம், இல்லை என்று விடை பெறும் கேள்வியாக இருந்தால் இணைப்பதற்கு 'இஃப்' அல்லது 'வெதர்' வேண்டும்: "டூ யூ நோ இஃப் ஹி இஸ் இன்?" பிறர் கேட்டதை எடுத்துச் சொல்லும்போதும் இதே வரிசைதான். "ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்" என்பது செய்தி என்பதால், அதன் முடிவில் கேள்விக்குறி இடுவதும் பிழை.

கேள்வி: அப்படியானால் "வாட் டூ யூ திங்க் டஸ் ஹி வான்ட்?" என்பதும் இந்த வகைதானா?

பதில்: ஆம். 'டூ யூ திங்க்' என்பதில் நகர்வு முடிந்துவிட்டதால் "வாட் டூ யூ திங்க் ஹி வான்ட்ஸ்?" என்று கேட்க வேண்டும். வினாச்சொல் மட்டும் முதலிடத்துக்கு வந்திருக்கிறது என்பதே இங்குள்ள வேறுபாடு. "டூ யூ திங்க் வாட் ஹி வான்ட்ஸ்?" என்று கேட்க முடியாது.

கேள்வி: "டிட்ன்ட் யூ கெட் மை லெட்டர்?" என்று மேலாளர் கேட்டார். கிடைக்கவில்லை என்பதற்காக "யெஸ் சார்" என்றேன். அவர் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். நான் சொன்னது எப்படித் தவறாகும்?

பதில்: 'கிடைக்கவில்லையா?' என்று தமிழில் கேட்டால் 'ஆமாம், கிடைக்கவில்லை' என்று சொல்வது வழக்கத்தில் உள்ளது. கேட்டவரின் கூற்றோடு உடன்படுவதால் அங்கே 'ஆமாம்' பொருந்துகிறது. ஆங்கிலத்தில் 'யெஸ்' கேட்டவரோடு உடன்படும் சொல் அல்ல. நிகழ்ந்ததா, நிகழவில்லையா என்பதை மட்டும் அது பார்க்கும். கிடைத்திருந்தால் "யெஸ், ஐ டிட்", கிடைக்கவில்லை என்றால் "நோ, ஐ டிட்ன்ட்". கேள்வியில் உள்ள எதிர்மறையைக் காதில் வாங்காதவர்போல், "டிட் யூ கெட் மை லெட்டர்?" என்று கேட்டதாகவே வைத்துக்கொண்டு விடை சொன்னால் பிழை வராது. இத்தகைய கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தராமல் "நோ, ஐ டிட்ன்ட்" என்று வினையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பதையும் இத்துடன் சொல்லிவிடுகிறேன். 'மைண்ட்' என்றால் ஆட்சேபித்தல். உட்காரலாம் என்று அனுமதிப்பவர் "நோ, நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும்.

கேள்வி: வாக்கிய முடிவில் "இஸ்ன்ட் இட்?" என்று எங்கும் சேர்க்கலாமா?

பதில்: நம் 'இல்லையா', 'அல்லவா' எந்த வாக்கியத்தோடும் சேரும்; ஆங்கில வால்வினா முன்வாக்கியத்தின் துணைவினையையும் எழுவாயையும் பார்த்து மாறும். "யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?", "ஷி ஒர்க்ஸ் ஹியர், டஸன்ட் ஷி?" முன்வாக்கியம் எதிர்மறை என்றால் வால் உடன்பாடாக வரும். 'நோபடி', 'நெவர்', 'ஹார்ட்லி' ஆகியவை எதிர்மறைச் சொற்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: "நோபடி கால்ட், டிட் தே?" விலக்காக "ஐ ஆம் லேட், ஆரன்ட் ஐ?", "லெட்ஸ் கோ, ஷல் வி?" ஆகிய இரண்டையும் நினைவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் "இஸ்ன்ட் இட்?" என்று முடிப்பது இந்திய ஆங்கிலப் பேச்சில் பரவலாக உள்ளது, யாருக்கும் புரியாமல் போவதில்லை, எனினும் தேர்விலும் அலுவல் எழுத்திலும் அது பிழையாகவே கொள்ளப்படும்.

வாலின் தொனிக்கும் பொருள் உண்டு. குரல் மேலே ஏறினால் உண்மையாகவே ஐயம். கீழே இறங்கினால் தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று பொருள்.

கேள்வி: "ஹூ ஆர் யூ வெயிட்டிங்?", "ஹவ் டஸ் இட் லுக் லைக்?" இவை சரியா?

பதில்: இரண்டும் சரியில்லை. முதலாவதில் 'ஃபார்' விடுபட்டது: "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" 'யாருக்காக' என்பதில் உருபு சொல்லோடு ஒட்டியே வருவதால், ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்பதை நாம் மறக்கிறோம். இரண்டாவதில் "ஹவ் டஸ் இட் லுக்?" அல்லது "வாட் டஸ் இட் லுக் லைக்?" என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: 'நீயா நேற்று வந்தாய்?', 'நீ நேற்றா வந்தாய்?', 'நீ நேற்று வந்தாயா?' இம்மூன்றையும் ஆங்கிலத்தில் எப்படி வேறுபடுத்துவது?

பதில்: மிக நல்ல கேள்வி. தமிழில் ஆகாரம் எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அந்தச் சொல்தான் ஐயத்துக்குரியது. ஆங்கிலத்தில் துணைவினை ஒரே இடத்துக்குத்தான் நகர முடியும் என்பதால், மூன்றுக்கும் பொதுவாக "டிட் யூ கம் எஸ்டர்டே?" என்ற ஒரே வாக்கியம்தான் கிடைக்கிறது. பேச்சில் இந்த வேறுபாட்டை அழுத்தம் காட்டும்: 'யூ' என்பதை அழுத்தினால் முதல் பொருள், 'எஸ்டர்டே' என்பதை அழுத்தினால் இரண்டாவது, சிறப்பழுத்தம் எதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எழுத்தில் அழுத்தம் தெரியாது; எனவே வாக்கியத்தைப் பிளந்து "வாஸ் இட் யூ ஹூ கேம் எஸ்டர்டே?", "வாஸ் இட் எஸ்டர்டே தட் யூ கேம்?" என்று அமைக்க வேண்டும்.

கேள்வி: ஆங்கிலேயர்களே "யூ ஆர் கமிங்?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் இடமாற்றம் கட்டாயமா?

பதில்: நீங்கள் கேட்டது உண்மைதான். ஆனால் அந்த வடிவத்தை, விடை ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும்போதோ வியப்பைக் காட்டும்போதோ ஏறும் குரலில் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் வருவதாக யாரோ சொன்னதைக் கேட்டவர் "யூ ஆர் கமிங்?" என்பார், எதுவும் தெரியாமல் புதிதாகக் கேட்பவர் "ஆர் யூ கமிங்?" என்பார். "யூ வென்ட் வேர்?" என்பதும் அவ்வாறே, சொன்னது காதில் விழாதபோதோ நம்ப முடியாதபோதோ திருப்பிக் கேட்பது. அறிமுகமில்லாதவரிடம் முதல் கேள்வியாக "யூ லிவ் ஹியர்?" என்று தொடங்கினால், அவரைப் பற்றி முன்பே ஏதோ முடிவு செய்துகொண்டு கேட்பதாகத் தோன்றும், அங்கே "டூ யூ லிவ் ஹியர்?" என்றே கேளுங்கள்.