அம்மா முடக்குவாதத்துக்கு (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நானும் முடக்குவாதக்காரிதான், அதே மாத்திரைதான், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் லிம்போமா என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனால் முடக்குவாதமே நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. மருந்தே எடுக்காதவர்களுக்கும் அப்படித்தான். 2006-இல் ஸ்வீடனில் முடக்குவாதத்தோடு லிம்போமாவும் வந்த 378 பேரை லிம்போமா வராத முடக்குவாத நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வருடக்கணக்காக வீக்கம் அடங்காமல் கடுமையாகவே இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு ஏறியிருந்தது, மெத்தோட்ரெக்சேட் மீது பழி விழவில்லை. ஓயாமல் தூண்டப்படும் பி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போவதில் என்றைக்காவது ஒன்று தடம் மாறுகிறது. அந்த வீக்கத்தை அடக்கும் மாத்திரையைத்தான் நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

அதற்காக மருந்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் சும்மா படுத்திருக்கிறது, அதைக் காவல் காக்கும் டி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் மருந்தால் தளர்ந்தால் சிலருக்கு அது லிம்போமாவைக் கிளப்பிவிடும். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது இப்படி வந்த சிலருக்கு மருந்தை நிறுத்தியதுமே கட்டி கரைந்தும் இருக்கிறது.

கூடுதல் கவனம் வேண்டியது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசாதயோப்ரின் விஷயத்தில். குடல் அழற்சி நோயாளிகளிடம் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில் (2017), 10,000 பேரை ஒரு வருடம் கவனித்தால் லிம்போமா வருவது, இந்த மருந்துகள் எடுக்காதவர்களில் 3 பேருக்குள், அசாதயோப்ரின் வகை மட்டும் எடுத்தவர்களில் 5 பேர் போல, அதோடு அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி ஊசியும் சேர்ந்தால் 9, 10 பேர் என்ற கணக்கு வந்தது. மடங்காகச் சொன்னால் பயங்கரமாகத் தெரியும், தலைக்கணக்கில் பாருங்கள். இரண்டையும் சேர்த்து எடுக்கும் இளைஞர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, மண்ணீரலையும் கல்லீரலையும் பிடிக்கும் ஓர் அரிய, மோசமான லிம்போமா வகை வருவதுண்டு, அவர்கள் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் பேச வேண்டும்.

சரி, அம்மாவுக்கு என்ன பார்ப்பது? கழுத்து, அக்குள், கவட்டியில் வலியில்லாமல் நெறி கட்டி வாரக்கணக்கில் வற்றாமல் இருப்பது, காரணமில்லாத காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, எடை இறங்குவது. வாயும் கண்ணும் வறண்டு போகும் ஷோகிரன் நோயும் கூடவே இருந்தால் காதுக்குக் கீழே கன்னம் வீங்கியே இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, இது வாரம் ஒருமுறை போடும் மாத்திரை. தவறிப்போய் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.