சேர்ந்து வரைபவர்கள் கவனத்துக்கு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை கட்டட வடிவமைப்பு சாஃப்ட்வேர் பற்றி வந்த கடிதங்கள். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை எடுத்துவிட்டேன், அவற்றில் பாதி நியாயமானவைதான்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். ரெவிட் (ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கட்டட வடிவமைப்பு சாஃப்ட்வேர்) ஃபைலை டிராப்பாக்ஸில் போட்டு மூவரும் திறந்து வரைகிறோம். போன வாரம் அதே பெயரில் இன்னொரு நகல் முளைத்துவிட்டது. படிக்கட்டு ஒரு ஃபைலில், கழிப்பறைகள் இன்னொன்றில். டிராப்பாக்ஸில் பெரிய திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இது இடம் போதாமல் வந்த கோளாறு இல்லை. டிராப்பாக்ஸோ கூகுள் டிரைவோ ஃபைலை ஒரே மூட்டையாகத்தான் பார்க்கும். உள்ளே எந்தச் சுவரை யார் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. இருவர் சேமித்தால் இரண்டையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

உங்களுக்கு வேண்டியது நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ரெவிட்டுக்குள்ளேயே இருக்கிறது: வொர்க்‌ஷேரிங். அலுவலக சர்வரில் ஒரு சென்ட்ரல் ஃபைல், ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு லோக்கல் காப்பி. வரைவது லோக்கலில்; அவ்வப்போது சென்ட்ரலோடு சிங்க் செய்ய வேண்டும், அதாவது இரண்டையும் ஒன்றுபோலாக்க வேண்டும். சென்ட்ரலைத் திறக்கும்போது 'புது லோக்கல் உருவாக்கு' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சென்ட்ரலை நேரடியாகத் திறந்து யாரும் வரையக் கூடாது. வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போடவும் கூடாது. சாயங்காலம் கிளம்பும்போது சிங்க் செய்து, பிடித்து வைத்திருப்பதையெல்லாம் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒருவர் விடாமல் லீவில் போனால், மற்றவர்கள் அந்தச் சுவரைத் தொட முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மூவரும் வெவ்வேறு ஊரில் இருந்தால் விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்கில் நுழையும் முறை) வழியாக சென்ட்ரலைத் திறக்க வேண்டாம். மெதுவாக இருக்கும், ஃபைலும் கெடலாம். ஆட்டோடெஸ்கின் கிளவுட் சேவை இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒரு சந்தா. 'ஒருவர் வாங்கினால் போதும்' என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

இப்போது கையில் இருக்கும் இரண்டு நகல்களில் ஒன்றை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதிலிருந்து விடுபட்டதை நகலெடுத்து 'அதே இடத்தில்' ஒட்டுங்கள். அரை நாள் வேலை.

கேள்வி: 'ரெவிட்தான், விலை மட்டும் குறைவு, எல்லாம் இருக்கிறது' என்று சொல்லி ரெவிட் எல்டி விற்றார்கள். இரண்டு சந்தா வாங்கினோம். இருவரும் ஒரே மாடலில் வேலை செய்ய முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. எல்டியில் வொர்க்‌ஷேரிங் கிடையாது. ரெவிட்டுக்குப் போட்டியான ஆர்ச்சிகேடின் சோலோ பதிப்பிலும், சேர்ந்து வரையும் வசதியான டீம்வொர்க் கிடையாது. இரண்டு சந்தா கேட்டு வருகிறவர்கள் சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்கள் என்பது விற்றவருக்குத் தெரியாதா என்ன! ஆட்டோடெஸ்கிடம் நேரடியாக வாங்கியிருந்தால் ஆண்டுச் சந்தாவை 30 நாளுக்குள்ளும் மாதச் சந்தாவை 15 நாளுக்குள்ளும் திருப்பலாம். இடைத்தரகரிடம் வாங்கியிருந்தால் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். 'எல்லாம் இருக்கிறது' என்று அவர் அனுப்பிய செய்தி இருந்தால் அதையும் இணையுங்கள். தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். அதற்குச் சாட்சி இருக்காது.

கேள்வி: ஒரே லைசென்ஸ் பெயரில் நானும் தங்கையும் மாறி மாறி வேலை செய்யலாமா?

பதில்: கூடாது. சந்தா ஒரு நபருக்கு. யார் எதைப் பிடித்திருக்கிறார் என்பதையும் ரெவிட் பயனர் பெயரை வைத்துத்தான் குறித்துக்கொள்கிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் நுழைந்தால் குழப்பம் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஆரம்பமாகும்.

கேள்வி: எங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் புது வெர்ஷனுக்கு மாறி, எங்கள் ஃபைலைத் திறந்து சேமித்து அனுப்பிவிட்டார். இப்போது எங்களால் திறக்க முடியவில்லை. 'நீங்களும் மாறுங்கள்' என்கிறார். பாதிக் கட்டடம் முடிந்த நிலையில் மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். முதலில் வழியைச் சொல்கிறேன், பிறகு என் புலம்பல்.

ரெவிட் ஃபைலை ஒருமுறை புது வெர்ஷனில் சேமித்தால் பழையதுக்குத் திரும்ப வழியே இல்லை. ஆனால் ஒரே கணினியில் இரண்டு வெர்ஷன்களை வைத்துக்கொள்ளலாம். சந்தாதாரருக்குப் பழைய வெர்ஷன்கள் சிலவற்றை இறக்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. எனவே இன்ஜினியர் உங்கள் வெர்ஷனையும் நிறுவிக்கொள்ளட்டும். அவருக்குக் கூடுதல் செலவில்லை. நீங்கள் அனுப்பிய மூல ஃபைலை எடுத்து, அவர் செய்த திருத்தத்தை அதில் அவரே மறுபடி செய்யட்டும். அடுத்த வேலையில் முதல் கூட்டத்திலேயே வெர்ஷனை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாரும் ஒரே நாளில் மாறுவது, அல்லது யாரும் மாறாதிருப்பது.

இனி புலம்பல். வரைந்தது நீங்கள், கட்டடம் வாடிக்கையாளருடையது. ஆனால் அந்த ஃபைலைத் திறந்து திருத்தும் உரிமை மட்டும் வாடகைக்கு. ஆட்டோடெஸ்க் 2016 ஜனவரியோடு தன் பெரும்பாலான தனி சாஃப்ட்வேர்களுக்குப் புது நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தியது. ஒரு லைசென்ஸைப் பலர் நேரம் மாற்றிப் பயன்படுத்திய நெட்வொர்க் முறையையும் 2020 ஆகஸ்டு முதல் ஆளுக்கு ஒன்று என்று மாற்றத் தொடங்கியது. அதே 2020 ஜூலையில் பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் பல சேர்ந்து, ரெவிட்டின் செலவு ஏறுகிறது, சாஃப்ட்வேர் அதற்கேற்ப வளரவில்லை என்று ஆட்டோடெஸ்க் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. உலகப் புகழ் பெற்றவர்களே கடிதம் எழுதும் நிலை என்றால், மூன்று பேர் அலுவலகம் யாரிடம் போய்ச் சொல்வது? சந்தாவை நிறுத்தினால் உங்கள் சொந்த மாடலைத் திருத்தக்கூட முடியாது. விற்பவர்கள் இதைச் சின்ன விஷயமாகப் பேசி முடிக்கிறார்கள், அதுதான் எரிச்சல். முடிந்த ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப், டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட வடிவம்), ஐஎஃப்சி (வெவ்வேறு சாஃப்ட்வேர்கள் படிக்கும் பொது மாடல் வடிவம்) மூன்றிலும் எடுத்து வையுங்கள். ஐஎஃப்சியில் முழு உயிர் இருக்காது, ஆனால் யாருடைய வாடகையும் இல்லாமல் திறக்கலாம்.

கேள்வி: பெரிய மாடல் தவழ்கிறது. விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா?

பதில்: நான் போட்டேன். மாடல் அப்படியே தவழ்ந்தது, கார்டு மட்டும் அழகாக ஒளிர்ந்தது. ரெவிட்டில் அன்றாட வரைதலின் பெரும்பகுதி பிராசஸரின் ஒற்றைக் கோரில் ஓடுவது. எனவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். ராம் என்றால் ஃபைல் அளவைப் போல் சுமார் 20 மடங்கு என்பது பழகிய கணக்கு. 500 எம்பி மாடலுக்கு 10 ஜிபி அதற்கு மட்டும். லூமியன், ட்வின்மோஷன் மாதிரி சாஃப்ட்வேரில் ரெண்டர் (மாடலை நிஜம் போன்ற படமாக்குவது) செய்கிறவர் குழுவில் ஒருவர்தான் என்றால், பெரிய கார்டை அவருக்கு மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஒரு இணையதளத்தில் ரெவிட்டுக்கு 'வாழ்நாள் லைசென்ஸ்' மிக மலிவாகக் கிடைத்தது. நாலு வாங்கினோம். இரண்டு மாதத்தில் நான்கும் செத்துவிட்டன. அது மாணவர் கணக்காம்.

பதில்: நிரந்தர லைசென்ஸே விற்காத பொருளுக்கு வாழ்நாள் லைசென்ஸ்! ஒன்று வாங்கியிருந்தால் ஏமாந்தீர்கள் என்பேன். கல்விக் கணக்கில் வணிக வேலை செய்யக் கூடாது. அதில் வரைந்த படங்களை வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்தால் அதுவே தனி வம்பு. அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணம் திரும்பக் கேளுங்கள். கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: குழுவில் ஒருவர் மட்டும் மேக் வாங்கிவிட்டார். ரெவிட்?

பதில்: விண்டோஸில் மட்டும். ஆர்ச்சிகேட் இரண்டிலும் ஓடும். வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம்.

கேள்வி: நாங்கள் ஆர்ச்சிகேட், எம்இபி (ஏசி, மின்சாரம், குழாய் வேலை) குழு ரெவிட். ஐஎஃப்சியில் பரிமாறினால் பைப்புகள் கட்டடத்தை விட்டு எங்கோ பறக்கின்றன. இதற்கென்று ஒரு பிளக்-இன் (சாஃப்ட்வேரோடு சேர்க்கும் துணை நிரல்) விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரு தரப்பும் வெவ்வேறு மூலப்புள்ளி (அளவுகள் தொடங்கும் பூஜ்ஜியப் புள்ளி) வைத்திருக்கிறீர்கள். கிரிட் கோடுகள் சந்திக்கும் ஓர் இடத்தை எல்லாருக்கும் பொதுப்புள்ளியாகத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு சிறு பெட்டி வரைந்து பரிமாறிப் பாருங்கள். இருவர் திரையிலும் பெட்டி ஒரே இடத்தில் விழுந்தபின் கட்டடத்தை அனுப்புங்கள். நில அளவை ஆயத்தொலைவுகளை அப்படியே மாடலின் மூலத்தில் ஏற்ற வேண்டாம்; ரெவிட்டில் மூலத்திலிருந்து 16 கி.மீ. தாண்டி வரைந்தால் துல்லியம் கெடும். இன்னொன்று: ஐஎஃப்சியைப் பின்னணியில் வைத்துப் பார்க்கப் பெற்றுக்கொள்ளுங்கள், திருத்தித் திருப்பி அனுப்ப அல்ல. அவரவர் மாடலை அவரவரே திருத்தட்டும். பிளக்-இன்னுக்கு மூன்று ஆண்டுப் பணத்தை முன்கூட்டிக் கட்டி, விற்றவர் கடையை மூடிய பின் விழித்தவன் சொல்கிறேன்.

கேள்வி: எல்லாம் கிளவுடில் இருக்கிறது. தனியாக பேக்கப் எதற்கு?

பதில்: யாரோ கட்டடத்தின் ஒரு தளத்தை அழித்துவிட்டு சிங்க் செய்தால், எல்லார் கணினியிலும் அது அழியும். கிளவுடில் பழைய பதிப்புகள் இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தத் தவறை மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடித்தால், அதற்குப் பின் எல்லாரும் செய்த வேலையையும் இழந்துதான் பின்னால் போக வேண்டும். வாரம் ஒருமுறை சென்ட்ரலிலிருந்து பிரித்த நகல் ஒன்றைத் தேதியோடு வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். அழிந்த தளத்தை மட்டும் அதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். யார் சேமிப்பது என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். 'யாராவது செய்வார்கள்' என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.