பழைய க்யூநேப் டிஎஸ்-219 பெட்டியில் டெபியன் நிறுவ முடியுமா?

புதுப்பிப்புகள் நின்றுபோன க்யூநேப் டிஎஸ்-219 என்ற வலைப்பின்னல் சேமிப்புப் பெட்டியில் லினக்ஸ் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அதில் ஏற்கெனவே ஓடுவதும் லினக்ஸின் கெர்னல்தான், அதாவது அதன் மைய நிரல்தான். உற்பத்தியாளரின் மென்பொருள் இருக்கும் இடத்தில் நீங்கள் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அமர்த்துகிறீர்கள்.

வட்டிலுள்ள கோப்புகளை முதலில் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள், ஏனெனில் நிறுவும்போது அவை அழிந்துவிடும். அடுத்ததைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் தவிர்க்காதீர்கள்: துவக்க நிரலும் கெர்னலும் குடியிருக்கும் 16 எம்பி ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளைகள் இடும் பாதுகாப்பான இணைப்பு) வழியே நுழைந்து தனித்தனிக் கோப்பாக நகலெடுத்து, இன்னொரு கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் பிசகினால் மீட்பு நிலையில் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை மூலம் பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அந்த நகல்தான் கைகொடுக்கும்.

பெட்டிக்குத் திரை கிடையாது. டெபியனின் நிறுவியை (நிறுவும் நிரலை) ஃபிளாஷில் எழுதி மறுதொடக்கம் செய்தபின் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, ரவுட்டரின் பட்டியலில் அதன் ஐபி முகவரியைக் கண்டுபிடித்து, ‘இன்ஸ்டாலர்’ என்ற பயனர் பெயரில் எஸ்எஸ்எச் செய்தால், டெபியனின் வழக்கமான நீலத் திரை உங்கள் முனையத்திலேயே விரியும். அதன்பின் எல்லாம் சாதாரணக் கணினியில் நிறுவுவதைப் போன்றதே.

ஃபிளாஷில் கெர்னலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 2 எம்பி மட்டுமே. புதிய கெர்னல்கள் அதற்குள் அடங்குவதில்லை. ஆகவே எந்த டெபியன் பதிப்புவரை இந்த மாதிரிக்கு ஆதரவு உண்டு என்பதை உறுதிசெய்யாமல் மேம்படுத்தாதீர்கள். 512 எம்பி ரேமில் கோப்புகளைப் பகிரும் சாம்பாவும், அவற்றை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்கும் தாராளமாக ஓடும்.