உப்புக்கறைக்கு ஒன்று, பூஞ்சைக்கு வேறொன்று: பாத்ரூம் ஸ்பிரே பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். டைல்ஸும் குழாயும் வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தினமும் அடிக்கிறேன், போகவில்லை. என்ன செய்வது?
– வாசகி, ஆவடி

அந்த வெள்ளைப் படலத்தில் இரண்டு அழுக்குகள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீர் காய்ந்ததும் தங்கிவிடும் கால்சியம், மக்னீசியம் உப்பு. இன்னொன்று, குளியல் சோப்பு அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து ஒட்டிக்கொள்ளும் பிசுக்கு. உப்பைக் கரைக்க அமிலம் வேண்டும். பிசுக்கை இளக்க அமிலத்தோடு கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விடும் வேண்டும். கடை வினிகரில் அசெட்டிக் அமிலம் பெரும்பாலும் 4% அளவில்தான் இருக்கும். பாதி தண்ணீர் ஊற்றினால் 2% ஆகிவிடுகிறது. நாள்பட்ட படிவுக்கு அது போதாது.

சிட்ரிக் ஆசிட் வாங்குங்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் ‘லெமன் சால்ட்’ என்று கேட்டாலும் தருவார்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம், அதாவது தலைதட்டி இரண்டு மேசைக்கரண்டி. நன்றாகக் கரைந்த பிறகு அரை தேக்கரண்டி பாத்திர லிக்விட் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் நுரைதான் வரும். தண்ணீர் முக்கியம்: போர் தண்ணீரிலேயே கரைத்தால் அதிலுள்ள உப்பு அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வெள்ளை வண்டல் படியும், அது எளிதில் கரையாது.

டைல்ஸ் காய்ந்திருக்கும்போது அடியுங்கள். ஈரச் சுவரில் அடித்தால் கரைசல் நீர்த்து வழிந்துவிடும். 10 நிமிடம் விட்டு, உலர்வதற்கு முன் நைலான் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கெட்டியாகப் படிந்த இடத்தில் டிஷ்யூ காகிதத்தை ஒட்டி அதன்மேல் அடித்தால் கரைசல் அங்கேயே நிற்கும். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுநாள் மறுபடி செய்யுங்கள். அதிக நேரம் ஊறவிட்டால் இணைப்புகளில் உள்ள வெள்ளை சிமென்ட் அரிக்கும், குழாயின் பளபளப்புப் பூச்சும் மங்கும். ஷவர் தலையைக் கழற்ற முடிந்தால் இதே கரைசலில் அரை மணி நேரம் போட்டு, அடைத்த துளைகளை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுச் சுவரை ஈரமாக விட்டால் வெள்ளை திரும்ப வரும். கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் ஒரு தடவை வழித்துவிட்டால் இந்த வேலையே பாதி குறையும்.

வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்த்து ஸ்பிரே பாட்டிலில் வைத்தேன். மூடி தெறித்துவிட்டது. பதமாகக் கலப்பது எப்படி?
– வாசகர், தஞ்சாவூர்

பதமே கிடையாது, கலக்காதீர்கள். வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, கரியமில வாயு நுரைத்து வெளியேறியபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். அந்த நுரையைப் பார்த்துத்தான் பலரும் அழுக்கு போவதாக நம்புகிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் அதே வாயு அழுத்தமாகிறது. உங்கள் மூடி தெறித்தது அதனால்தான்.

தனித்தனியாக இரண்டும் பயன்படும். வாஷ்பேசின் உட்புறத்தை ஈரத்துணியில் சோடாவைத் தொட்டுத் தேய்க்கலாம், கீறல் விழாது. கழுவிவிட்டுப் பிறகு வினிகர் அடியுங்கள். வாளி, மக் இவற்றில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆப்ப சோடாவைவிட சலவை சோடா வலுவானது: ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி, கையுறை போட்டுக்கொண்டு. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் படவிடாதீர்கள்.

பழைய வீடு. குளியலறைத் தரை கடப்பா கல், வெளியே ஆத்தங்குடி டைல்ஸ். எலுமிச்சைச் சாறு தேய்த்த இடம் மங்கிவிட்டது. மெருகு திரும்புமா?
– வாசகி, காரைக்குடி

அது கறை இல்லை, கல்லின் மேல்தோலே அரிக்கப்பட்டிருக்கிறது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. ஆத்தங்குடி டைல்ஸ் சிமென்ட்டில் செய்தது. மார்பிள், மொசைக் இரண்டும் இந்தப் பட்டியலில்தான் வரும். உப்புக்கறையைக் கரைக்கிற அமிலம் இவற்றையும் கரைக்கும். வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் எதுவும் கூடாது. மங்கிய இடத்தை எந்த ஸ்பிரேயாலும் மீட்க முடியாது. பாலிஷ் போடுகிறவர்தான் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இனி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திர லிக்விட் போதும். துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

சுவர் மூலையிலும் டைல்ஸ் இணைப்பிலும் கரும்புள்ளிகள். பிளீச் இல்லாமல் வழி உண்டா?
– வாசகர், கோவை

உண்டு. மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கேளுங்கள். லேபிளில் 6% என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து 3% ஆக்குங்கள். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும். ஆகவே தேவைக்கு மட்டும் கலந்து, மிச்சத்தை அதன் சொந்த பாட்டிலிலேயே இருட்டில் வையுங்கள். புள்ளிகளின் மேல் அடித்து 10 நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவவும். இதோடு வினிகரைக் கலக்காதீர்கள். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் பெரசெட்டிக் அமிலம் உண்டாகும். சிலிகான் பட்டைக்குள் வேரோடிய கருப்பு எதற்கும் போகாது, பட்டையைப் பிரித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. ஈரக்காற்று வெளியேறாத அறையில் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும்.

பிளீச்சும் டாய்லெட் கிளீனரும் சேர்த்தால் இன்னும் சுத்தமாகும் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

உயிருக்கே ஆபத்து. பல டாய்லெட் கிளீனர்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதோடு பிளீச்சோ பிளீச்சிங் பவுடரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதான நம் பாத்ரூம்களில் அது நொடியில் நுரையீரலைத் தாக்கும். வினிகர், சிட்ரிக் ஆசிட்டோடும் பிளீச் சேரக்கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் வேறொரு நச்சுவாயு. தவறிக் கலந்துவிட்டால் அங்கே நின்று கழுவ முயலாதீர்கள். கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியே வாருங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது, கிருமிநீக்கம் அவசியம் என்றால் பிளீச்சைத் தனியாகப் பயன்படுத்துங்கள். லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5% என்றிருந்தால், 980 மில்லி தண்ணீருக்கு 20 மில்லி. அது 0.1% ஆகும். முதலில் சோப்பால் கழுவுங்கள், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகும். பிறகு துணியில் தோய்த்துத் துடைத்து, 10 நிமிடம் ஈரமாக விட்டு அலசுங்கள். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடிக்க வேண்டாம், சாரல் மூச்சில் போகும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்கவும்.

எலுமிச்சைத் தோலும் வெல்லமும் ஊறவைத்த பயோ என்சைம் கிருமியைக் கொல்லுமா?
– வாசகர், ஈரோடு

அதை நம்பிக் கிருமிநீக்கம் செய்யாதீர்கள். வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10 என்ற கணக்கில் மூன்று மாதம் புளித்த அந்த நீர் லேசான அமிலம். அன்றாடத் துடைப்புக்கு நல்லது. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். கடப்பா கல்லில் இதுவும் கூடாது.

ஸ்பிரே முனை அடிக்கடி அடைக்கிறது. வாசனைக்கு விட்ட எண்ணெயும் மேலே மிதக்கிறது.
– வாசகி, சேலம்

எண்ணெய் தண்ணீரில் கரையாது. 5 சொட்டு லெமன்கிராஸ் எண்ணெயை முதலில் பாத்திர லிக்விடில் குழைத்து, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். பூனை வளர்க்கும் வீட்டில் எண்ணெயே வேண்டாம். முனை அடைப்பதற்குக் காரணம் கரையாத தூள். கரைசலைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் குழலை நல்ல தண்ணீரில் விட்டு நாலைந்து முறை அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்காது. சிட்ரிக் கரைசலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், பூஞ்சை நூல் மிதக்க ஆரம்பிக்கும். எதையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிடும். பாட்டிலில் என்ன கரைசல், எந்தத் தேதி என்று பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள்.