எஃப்-2 விசாவில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்காதீங்க

வங்கி வேலையை விட்டுட்டு அமெரிக்காவுல மேடிசன் வந்து நாலு மாசம் ஆச்சு, அங்க படிக்கிற வீட்டுக்காரர் லேப்லேர்ந்து வர ராத்திரி பத்தாகுது, வந்ததும் சண்டைன்னு எழுதியிருக்கீங்க. அதே ஊர்ல, அதே எஃப்-2 விசாவுல, அதாவது அங்க படிக்கிறவரோட மனைவின்னு தர்ற விசாவுல, மூணு வருஷம் இருந்தவ நான்.

எஃப்-2ல சம்பள வேலை கூடாதுதான். தெரிஞ்சவங்க கடையில கைக்காசுக்கு நிக்கக் கூப்பிட்டாலும் போயிடாதீங்க, வினையாகிடும். ஆனா 2015லேர்ந்து, அங்கீகாரம் உள்ள கல்லூரியில பகுதி நேரமாப் படிக்கலாம். இதை எனக்கு யாருமே சொல்லலை, ஒரு வருஷம் வீணாப் போச்சு. முழுநேரப் படிப்புன்னா மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறணும்.

பல்கலைக்கழகத்தோட ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்புலதானே இருக்கீங்க? அங்க தோட்டத்துல ஒரு பாத்திக்கு எழுதிப் போடுங்க. நான் போட்ட வெண்டை ஜூலை வரைக்கும் முழங்கால் உயரம்கூட ஏறலை. பக்கத்துப் பாத்தி கொரியா அம்மா அதைப் பார்த்துச் சிரிச்சுட்டு, ஒரு கட்டு கீரையை என் கையில திணிச்சாங்க. ரெண்டு பேருக்குமே அரைகுறை இங்கிலீஷ், அதனால கூச்சமே இல்லை. எனக்கு அந்த ஊர்ல கிடைச்ச முதல் சிநேகம் அதுதான்.

டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிடும். அந்த நேரத்துக்கு வீட்டுல உட்காராம நூலகம் போயிடுங்க.

சண்டைக்கு மருந்து என்கிட்ட இல்லை. நாங்க ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் லேப்டாப்பை மூடி வெச்சுட்டுத் தோசை சுடுவோம். அவர் சுடுவார், கருகும். அந்த ஞாயித்துக்கிழமை விஷயத்துல மட்டும் நான் கறாரா இருந்தேன்.