அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆட கால்பந்து ஸ்டட்ஸ் போதுமா, தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கல்லூரி அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். இதுவரை பெசன்ட் நகர் கடற்கரையில் வெறுங்காலோடு ஆடியவர், அடுத்த மாதம் முதல்முறையாகப் புல் மைதானத்தில் இறங்கப் போகிறார், கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. நானும் அதே மணலில் தொடங்கியவன்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கால்பந்து ஸ்டட்ஸ், அதாவது அடியில் குமிழ் வைத்த ஷூ, தாராளமாகப் போதும். எந்த ஸ்டட்ஸ் என்பதில்தான் சிக்கல்.

என் முதல் ஜோடியைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்த மாத்திரத்தில் வாங்கினேன். கிளிப்பச்சை நிறம், அடியில் கத்தி மாதிரி நீட்டுநீட்டாகக் குமிழ்கள். காய்ந்த புல்லில் இரண்டு மாதம் ஓடினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு போட்டி, புதிதாகப் போட்ட செயற்கைப் புல் தரையில். மூன்றாவது ஆட்டம். மைதானத்தின் எதிர் முனைக்கு ஓடுவது போலக் காட்டிவிட்டு டிஸ்க்கை, அதாவது நாம் எறிந்து ஆடும் அந்தத் தட்டை, நோக்கித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, இடது பாதம் நட்ட இடத்திலேயே நின்றது. முட்டியின் உள்பக்கத் தசைநாரில் காயம், ஆறு வாரம் மைதானத்துக்கு வெளியே. பிசியோதெரபிஸ்ட் முட்டியைப் பார்ப்பதற்கு முன் கேட்டது, "அந்த ஷூவை எடுத்துட்டு வந்தீங்களா?"

இந்த ஆட்டத்தில் டிஸ்க் கையில் இருப்பவர் ஓடக்கூடாது. அதனால் அணியின் மற்ற ஆறு பேருக்கும் ஒரே வேலை, தன்னைக் காவல் காப்பவரை ஏமாற்றி இடம் பிடிப்பது. 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம் கொண்ட மைதானத்தில் இருபது மீட்டர் முழு வேகத்தில் ஓடி, இரண்டே எட்டில் நின்று, வந்த வழியே திரும்புவதை ஒரு ஆட்டத்தில் எத்தனையோ முறை செய்கிறோம். நிற்கும்போது முழு எடையும் ஒரே காலில் இறங்கும். அந்த நொடியில் ஸ்டட்ஸ் தரையைப் பிடிக்க வேண்டும், அடுத்த நொடி உடம்போடு சேர்ந்து பாதம் திரும்பவும் விட வேண்டும். கடைக்காரர்கள் முதலாவதை மட்டும்தான் சொல்வார்கள். "செம கிரிப் சார்!"

உருண்டைக் குமிழ்கள் மண்ணுக்குள் இருந்தபடியே சுழலும். கத்தி வடிவக் குமிழ்கள் நேர் ஓட்டத்துக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் பாதம் சுழலும்போது தரையை விட்டு வர மறுக்கும். அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆடும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மூன்று சீசன் கவனித்து 1996-இல் ஒரு ஆய்வு வெளியானது. விளிம்பைச் சுற்றி நீளமான குமிழ்கள் வைத்த ஷூக்கள் திருகலுக்கு அதிகம் முரண்டு பிடித்தன, அவற்றைப் போட்டவர்களுக்கு முட்டிக்குள் இருக்கும் முன்புறச் சிலுவைத் தசைநார், அதாவது எல்லோரும் பயப்படும் அந்த ஏசிஎல், கிழிவதும் அதிகமாக இருந்தது. அதைப் படித்ததிலிருந்து என் பையில் உருண்டைக் குமிழ்தான். கத்தி வடிவம் போட்டுப் பல வருடம் நன்றாக ஆடுகிற நண்பர்களும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

வாங்குவதற்கு முன் நீங்கள் ஆடப்போகும் தரையில் ஒரு தடவை வெறுங்காலோடு நடந்துவிட்டு வாருங்கள். ஷூ பெட்டியின் மேல் எஃப்ஜி, ஏஜி, டிஎஃப், எஸ்ஜி என்று ஏதாவது எழுதியிருக்கும். எஃப்ஜி என்றால் கெட்டியான, ஆனால் குமிழ் இறங்கக்கூடிய இயற்கைப் புல் தரைக்கு. ஏஜி செயற்கைப் புல்லுக்கு, அதில் குமிழ்கள் குட்டையாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். டிஎஃப் என்றால் அடி முழுக்கக் குட்டி ரப்பர் புள்ளிகள். எஸ்ஜி சேற்றுத் தரைக்கு, நீளக் குமிழ், பெரும்பாலும் உலோக முனையோடு வரும். எஸ்ஜியை மறந்துவிடுங்கள். அடுத்தவரைக் காயப்படுத்தக்கூடிய எதையும் அணியக்கூடாது என்று நம் ஆட்ட விதியே சொல்கிறது. நடுவர் இல்லாத ஆட்டம், டைவ் அடித்து விழுபவரின் கை எப்போது உங்கள் காலடியில் வரும் என்று தெரியாது.

நம் ஊர்ச் சிக்கல் என்னவென்றால், பெட்டியில் எழுதியிருக்கும் தரை எதுவும் நம்மிடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சேறு. பொங்கல் தாண்டினால் அதே மைதானம் சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிடும், அங்கங்கே கொஞ்சம் புல், மிச்சமெல்லாம் கட்டாந்தரை. அந்த இறுகிய மண்ணில் எஃப்ஜி போட்டு ஓடினால் குமிழ்கள் உள்ளே இறங்காது, நீங்கள் பத்துப் பன்னிரண்டு ஆணித்தலைகள் மேல் ஓடுகிறீர்கள். மாலையில் குதிகால் சொல்லும். அதற்கு டிஎஃப் அல்லது ஏஜிதான் சரி. வாடகைக்கு விடும் செயற்கைப் புல் டர்ஃப் என்றால் பல இடங்களில் டிஎஃப் தவிர வேறு எதையும் உள்ளே விடமாட்டார்கள். முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஆடுபவர்கள் சிலர் அமெரிக்கக் கால்பந்து ஷூ அல்லது லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் ஆட்டம்) ஷூ போடுவார்கள். அவற்றில் பெருவிரலுக்கு நேர் கீழே, நுனியில் ஒரு குமிழ் கூடுதலாக இருக்கும். நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்ப உதவும். ஒருமுறை கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், முதல் இரண்டு எட்டில் வித்தியாசம் தெரிந்தது உண்மைதான். ஆனால் இதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்பவும் முடியாமல் மாட்டிக்கொள்வது வேண்டாத வேலை.

அளவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி அகலம். கால்பந்து ஷூக்களோ பெரும்பாலும் ஒடுக்கம். கடையில் ஷூவின் உள்தகட்டை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்து, தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் தகட்டைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. நீளத்தைக் கூட்டி அகலப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்காதீர்கள், திரும்பும்போது பாதம் உள்ளே வழுக்கி நகம் கறுக்கும். என் வலது கட்டைவிரல் நகம் இரண்டு தடவை விழுந்து முளைத்தது இப்படித்தான். ஆடும்போது போடுகிற அதே சாக்ஸோடு, சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள். குதிகால் மேலே எழும்பக்கூடாது. தோல் ஷூ கொஞ்சம் இளகும். ஆனால் செயற்கைப் பொருளும் இளகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கணுக்கால் வரை சாக்ஸ் மாதிரி ஏறும் மாடல்களுக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அந்தத் துணி சுளுக்கைத் தடுக்காது.

உங்கள் 3,000 ரூபாய்க்கு வருவோம். நிவியா போன்ற ஜலந்தர் கம்பெனிகளின் ஷூக்களோ, டெகாத்லானின் கிப்ஸ்டாவோ இந்தத் தொகைக்குள் கிடைக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு டிஎஃப் ஜோடியை முதலில் வாங்குவேன். பயிற்சியில் பெரும்பங்கு கட்டாந்தரையிலும் டர்ஃபிலும்தான் நடக்கும். போட்டி நடக்கும் இடத்தில் நிஜமாகவே புல் அடர்த்தியாக இருக்கிறது என்று சீனியர்கள் சொன்னால், மிச்சப் பணத்தில் உருண்டைக் குமிழ் வைத்த சாதாரண எஃப்ஜி ஒன்று. காசு பற்றாவிட்டால் அந்த எஃப்ஜியை அணியில் யாரிடமாவது கடன் வாங்குங்கள், எங்கள் அணியில் ஒரே ஜோடியை ஒன்பதாம் நம்பர் கால்காரர்கள் மூன்று பேர் பங்கு போட்டுப் போட்டிருக்கிறோம்.

விலை குறைந்த ஷூ என்றால் வாங்கிய அன்றே தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு தையல் போட்டுவிடுங்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள், மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பசை விட்டுப் போகும். போட்டிக்கு முன் குறைந்தது நான்கைந்து பயிற்சிக்காவது அதைப் போட்டுவிடுங்கள்.

கடற்கரை ஆட்டத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். மதிய வெயிலில் மணல் சுட்டால் மட்டும் ஒரு ஜோடி பழைய தடித்த சாக்ஸ்.